பழைய மகிழுந்தும் அதன் அசல் புகைபோக்கியும்

தோட்டப்புறங்களில் மகிழுந்து அரிதாக இருந்த காலத்தில், அது வருவதைக் கண்ணுக்கு முன்பே காது அறிந்துவிடும். செம்மண் சாலையின் வளைவில் இன்னும் தலைகாட்டாத வண்டியை அதன் ஒலியைக் கொண்டே ‘துரையின் வண்டி’, ‘கிராணியாரின் வண்டி’ என்று இனங்காண முடிந்தது. 1950களிலும் 1960களிலும் மலாயாவின் சாலைகளில் பரவலாக ஓடிய மோரிஸ் மைனர் அப்படித் தனிக்குரல் கொண்ட ஒரு மகிழுந்து. ஓட்டுநர் வேகமுடுக்கியிலிருந்து காலை எடுத்ததும் அதன் பின்புறக் குழாய், குழந்தை உதடுகளைத் துடிக்கவிட்டு விளையாடுவதுபோல் ‘பர்ர்ர்’ என்று ஓர் ஒலி எழுப்பும். பழைய மகிழுந்து ஆர்வலர்கள் இன்றும் அந்த ஒலியைக் கேட்டால் புன்னகைப்பார்கள்.

அத்தகைய வண்டியைப் புதுப்பிக்க முனைவோர் பெரும்பாலும் முதலில் கவனிப்பவை சாயமும் பளபளக்கும் முகப்புமே. இருக்கைகளுக்குப் புதுத் தோல் தைப்பார்கள், சக்கரங்களை மெருகேற்றுவார்கள். வண்டிக்கு அடியில், எவர் கண்ணிலும் படாமல் தொங்கும் புகைபோக்கிக்கு மட்டும் கடைசி இடம். ‘ஏதாவது ஒரு குழாயை வைத்துப் பற்றவைத்துவிடுங்கள்’ என்று சொல்லிவிடுவதும் உண்டு. பட்டறைகளில் ‘எக்சோஸ்’ என்று அழைக்கப்படும் இந்தப் பகுதி வெறும் குழாய்தான் என்ற எண்ணமே அதற்குக் காரணம். உண்மையில், அதன் ஒவ்வொரு வளைவுக்கும் நீளத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் தெரியாமல் மாற்றினால் வண்டியின் குரல் மட்டுமன்று, உள்ளே அமர்ந்திருப்போரின் உயிரும் கேள்விக்குறியாகலாம்.

மோரிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற மகிழுந்துக் கண்காட்சியில் அறிமுகமானது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில், 1959இல் வெளிவந்த ‘மினி’ மகிழுந்தையும் உருவாக்கியவர் இவரே. 1960ஆம் ஆண்டின் இறுதியில் பத்து இலட்சமாவது மைனர் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. பிரிட்டனில் தயாரான மகிழுந்துகளுள் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியது இதுதான். 1956 முதல் 1962 வரை வந்த வண்டிகளில் 948 கன சென்டிமீட்டர் இயந்திரம் பொருத்தப்பட்டிருந்தது. அதன் திறன் 37 குதிரைத்திறன் மட்டுமே. பிறகு 1098 கன சென்டிமீட்டர் இயந்திரம் வந்தது. இன்றைய சிறிய மகிழுந்துகளின் ஆற்றலோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆயினும், எளிய அமைப்பும் பழுதுபார்க்க எளிதான தன்மையும் இதைப் பல நாடுகளில் நிலைபெறச் செய்தன. இந்தியாவில் 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசிடரும் இதே மோரிஸ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அது மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் பெரிய அண்ணனிடமிருந்து பிறந்தது.

இனி, புகைபோக்கி என்ன செய்கிறது என்று பார்ப்போம். இயந்திரத்தின் நான்கு உருளைகளிலும் பெட்ரோலும் காற்றும் கலந்து எரிகின்றன. எரிந்த புகை, வால்வு திறந்தவுடன் மிகுந்த அழுத்தத்தோடு வெளியே பாய்கிறது. இயந்திரம் நிமிடத்திற்கு 3000 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு வீச்சு இயந்திரத்தில் ஓர் உருளை இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை புகையை வெளியேற்றும். ஆகவே, நான்கு உருளைகளும் சேர்ந்து நிமிடத்திற்கு 6000 முறை, அதாவது நொடிக்கு 100 முறை புகையைத் துப்புகின்றன. இந்த 100 சிறு வெடிப்புகளும் அப்படியே வெளிவந்தால் காது தாங்காது.

புகை முதலில் வந்து சேரும் இடம் வார்ப்பிரும்பால் ஆன கிளைக்குழாய். இதைப் பட்டறைக்காரர்கள் ‘மேனிபோல்டு’ என்பர். மைனரின் இயந்திரத்தில் நடுவிலுள்ள இரண்டு உருளைகளும் ஒரே புகைவாயைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆதலால், நான்கு உருளைகளுக்கு மூன்றே வாய்கள். காற்றும் பெட்ரோலும் உள்ளே நுழையும் குழாயும் அதே பக்கத்தில், கிளைக்குழாயை ஒட்டியே அமைந்திருக்கிறது. இது தற்செயலன்று. புகையின் சூடு, உள்ளே செல்லும் பெட்ரோலை நன்றாக ஆவியாக்க உதவுகிறது. கிளைக்குழாயிலிருந்து முன்குழாய் கீழிறங்கி, வண்டியின் அடித்தளத்தின் கீழ் ஓடி, ஒலியடக்கியை அடைகிறது. அதைக் கடந்ததும் வால்குழாய் புகையைப் பின்னால் கொண்டுபோய் விடுகிறது.

ஒலியடக்கியைச் சைலன்சர் என்றால்தான் பலருக்கும் புரியும். வெளியிலிருந்து பார்க்க அது ஒரு தகரப்பெட்டி. ஆனால், துருப்பிடித்த பழைய ஒலியடக்கி ஒன்றை அறுத்துப் பிளந்து பார்த்தால் உள்ளே சிறு அறைகள், குறுக்குத் தகடுகள், நூற்றுக்கணக்கான துளைகளிட்ட குழாய்கள் ஆகியவற்றைக் காணலாம். குறுகிய குழாயில் வந்த புகை அகன்ற அறைக்குள் நுழைந்ததும் விரிந்து, அழுத்தம் தணிகிறது. ஒலியலைகள் தகடுகளில் மோதித் திரும்புகின்றன. திரும்பும் அலையின் மேடும் புதிதாக வரும் அலையின் பள்ளமும் ஒன்றோடொன்று சந்திக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. வேறு சில ஒலியடக்கிகளில் துளைக்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழைகளைத் திணித்திருப்பார்கள். அவை ஒலியின் ஆற்றலை உறிஞ்சிச் சூடாக மாற்றுகின்றன.

குழாயின் நீளமும் இங்கே முக்கியம். சூடான புகையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேகத்தில் செல்லும். நொடிக்கு 100 துடிப்புகள் என்றால், ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 5 மீட்டர். மைனரின் மொத்த நீளமே 3.7 மீட்டரைச் சற்றுத் தாண்டும். அலையின் நீளமும் குழாயின் நீளமும் இப்படி நெருங்கி இருப்பதால், குழாயில் அரை மீட்டர் கூடினாலும் குறைந்தாலும் ஒலி மாறிவிடுகிறது. நாதசுவரக் கலைஞர் துளைகளை விரலால் மூடித் திறக்கும்போது குழலுக்குள் அதிரும் காற்றின் நீளம் மாறுகிறது, சுரமும் மாறுகிறது. புகைபோக்கியிலும் அதே இயற்பியல்தான் வேலை செய்கிறது. மைனரின் அந்தப் ‘பர்ர்ர்’ ஒலி, அதன் இயந்திரமும் குழாயும் ஒலியடக்கியும் சேர்ந்து பாடும் சுரம். வேறொரு வண்டியின் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினால் அந்தச் சுரம் போய்விடும்.

அகலமான குழாயைப் பொருத்தினால் வண்டி வேகமாக ஓடும் என்று இளைஞர் பலர் நம்புகின்றனர். மோட்டார் சைக்கிள்களில் இந்த ஆசை இன்னும் மிகுதி. பந்தய இயந்திரத்திற்கு அது பொருந்தலாம். 37 குதிரைத்திறன் இயந்திரம் வெளியிடும் புகையோ குறைவு; அகன்ற குழாயில் அதன் ஓட்டம் மந்தமாகி, குறைந்த வேகத்தில் இழுவையே குறைந்துபோகலாம். இயந்திரத்திற்குப் பெட்ரோலை அளந்து கொடுக்கும் கார்புரேட்டரும் அசல் புகைபோக்கியின் எதிரழுத்தத்திற்கு ஏற்பவே சரிசெய்யப்பட்டது. ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்ற வேண்டும். இறுதியில் மிஞ்சுவது பெரும்பாலும் இரைச்சல்தான். மலேசியாவில் அதற்குச் சட்டத்தின் வரம்பும் உண்டு. 1987ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர (மோட்டார் வாகன இரைச்சல்) விதிமுறைகள் பழைய வண்டி, புதிய வண்டி என்று பாராமல் வாகனங்களின் ஒலியைக் கட்டுப்படுத்துகின்றன.

புகைபோக்கி ஏன் இவ்வளவு விரைவில் துருப்பிடிக்கிறது? மழையும் கடற்காற்றும்தான் காரணம் என்று மலாக்காவில் இருப்போர் சொல்லக்கூடும். அதில் உண்மை உண்டு. ஆயினும், பெரிய பகைவன் குழாயின் உள்ளேயே இருக்கிறான். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் எரியும்போது நீராக மாறுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். குழாய் நன்றாகச் சூடேறியிருந்தால் அந்த நீர் ஆவியாகவே வெளியேறிவிடும். குழாய் குளிர்ந்திருந்தால் ஒலியடக்கிக்குள் நீர்த்துளிகளாகத் தேங்கும். பெட்ரோலில் உள்ள கந்தகம் அந்த நீரோடு சேர்ந்து அமிலமாகிறது. அமிலம் தகட்டை உள்ளிருந்து அரிக்கிறது. வெளியே சாயம் அழகாக இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போய்விடும்.

தோட்டத்தில் ஓடிய வண்டிகளுக்கு இது தனிச்சோதனை. பங்களாவிலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து ஆலை, ஆலையிலிருந்து மருந்தகம் என ஓரிரு கிலோமீட்டர் தொலைவிலேயே அவற்றின் ஓட்டம் முடிந்துவிடும். ஒலியடக்கி சூடேறுவதற்குள் இயந்திரம் நிறுத்தப்படும். நெடுஞ்சாலையில் நாள்தோறும் ஓடிய வாடகை வண்டியின் புகைபோக்கி, அதிகம் உழைத்திருந்தாலும் கூடுதல் காலம் தாங்கியிருக்கும்.

துருவால் வரும் ஓட்டை ஒலியை மட்டும் கூட்டுவதில்லை. எரிந்த புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் உயிர்வளியைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினோடு அது உயிர்வளியைவிட இருநூறு மடங்குக்கும் மேலாக இறுகப் பிணைந்துகொள்ளும். உடலுக்குள் உயிர்வளி கிடைக்காமல் முதலில் தலைவலி, பிறகு மயக்கம், இறுதியில் மரணம். புதிய மகிழுந்துகளில் வினையூக்கி மாற்றி என்னும் கருவி இந்த வாயுவின் பெரும்பகுதியைத் தீங்கு குறைந்த வாயுவாக மாற்றிவிடுகிறது. மோரிஸ் மைனர் காலத்து வண்டிகளில் அது இல்லை. மேலும், புகைபோக்கி துருப்பிடித்த வண்டியில் அடித்தளத் தகடும் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருப்பது வழக்கம். கீழே கசியும் புகை அந்த ஓட்டைகள் வழியே இருக்கைக்கே வந்துவிடும். எனவே, எதைத் தள்ளிப்போட்டாலும் புகைபோக்கியைத் தள்ளிப்போடக் கூடாது.

இப்போது ‘அசல்’ என்ற சொல்லுக்கு வருவோம். ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் தொழிற்சாலையில் பொருத்திய அதே ஒலியடக்கியோடு இன்றும் ஓடும் வண்டி அநேகமாக இருக்காது. அது தேய்ந்து மாற்றப்படுவதற்கென்றே செய்யப்பட்ட பகுதி. ஆனால், வார்ப்பிரும்புக் கிளைக்குழாய் அப்படியன்று; அது பெரும்பாலும் முதல்நாள் பொருத்தியதாகவே இருக்கும். ஆகவே, எல்லாப் பகுதிகளையும் ஒரே கண்ணால் பார்க்க முடியாது. கிளைக்குழாயைக் காப்பாற்ற வேண்டும். ஒலியடக்கியை அதே அளவில் மீண்டும் உருவாக்க வேண்டும்.

இக்கேள்வி கட்டடங்களுக்கும் உண்டு. 2008ஆம் ஆண்டு ஜார்ஜ் டவுனோடு சேர்ந்து உலகப் பாரம்பரியத் தளமாக அறிவிக்கப்பட்ட மலாக்கா நகரில், பழைய வீட்டின் ஓட்டை மாற்றும்போதும் எதைக் காப்பது, எதைப் புதிதாக வைப்பது என்று ஆராய வேண்டியிருக்கிறது. பழங்கட்டடங்களைப் பேணுவதற்கு 1964இல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனம் வழிகாட்டியது. அதைப் பின்பற்றி, பழைய வாகனங்களுக்கான அனைத்துலகக் கூட்டமைப்பான ஃபீவா, தூரின் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. புதிதாகப் பொருத்தும் பகுதிகளைப் பின்னர் அடையாளம் காணும்படி குறியிட வேண்டும், செய்த வேலையைப் பதிவு செய்ய வேண்டும் என்பவை அதன் கருத்துகளுள் சில. புதுக்குழாயின் மறைவான ஓரத்தில் செய்த ஆண்டைப் பொறித்து வைப்பது எத்தனை எளிய வேலை! நம் பட்டறைகளில் இப்பழக்கம் பரவினால் நன்றாக இருக்கும்.

அசல் பகுதிகள் எங்கே கிடைக்கும்? பழைய உதிரிப்பாகக் கடைகளில், பெட்டி பிரிக்கப்படாத பழைய இருப்பு சில வேளைகளில் அகப்படும். அதைக் கண்டதும் மகிழ்ந்துவிடக் கூடாது. நம் நாட்டின் ஈரக்காற்றில் முப்பது, நாற்பது ஆண்டுகள் கிடந்த ஒலியடக்கி, ஒருநாளும் ஓடாமலேயே உள்ளே துருப்பிடித்திருக்கலாம். கையில் எடுத்துக் குலுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே துருத்தூள் சரசரத்தால் அது பயன்படாது. ஆனாலும் அளவெடுக்க உதவும். வெளிநாடுகளில் இன்றும் பழைய அளவிலேயே புதுப் பகுதிகளைச் செய்கிறார்கள். இலங்கைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1990களில் பிரிட்டனின் பாத் நகரிலிருந்த மோரிஸ் மைனர் நிலையமும் இலங்கைத் தொழில்முனைவர் ஒருவரும் கூட்டுச் சேர்ந்து, மைனரின் உடல்தகடுகளை இலங்கையிலேயே தயாரித்து பிரிட்டனுக்கு ஏற்றுமதி செய்தனர். மைனர்கள் அங்கே தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்ததால், அவற்றைச் செய்யும் கைத்திறனும் அங்கே மறையாமல் இருந்தது.

எதுவும் கிடைக்காவிட்டால் உள்ளூர்ப் பட்டறையில்தான் செய்ய வேண்டும். அதற்கு முதல் விதி: பழையது எவ்வளவு உளுத்துப்போயிருந்தாலும் புதியது பொருந்தும்வரை தூக்கி எறியக் கூடாது. அதுவே நமக்கு அச்சு. கழற்றுவதற்கு முன் புகைப்படங்கள் எடுத்து, எந்த இடத்தில் எந்தத் தாங்கி என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு தடித்த கம்பியொன்றைப் பழைய குழாயின் வளைவுகளை ஒட்டி வளைத்தால், குழாயின் பாதை அந்தக் கம்பியில் பதிந்துவிடும். பழைய ஒலியடக்கியை அறுத்து, உள்ளே எத்தனை அறைகள், துளைகளின் விட்டம் என்ன, எந்தக் குழாய் எங்கே முடிகிறது என்று வரைந்துகொள்ள வேண்டும். அறுக்கும்போது எச்சரிக்கை தேவை. ஈயம் கலந்த பெட்ரோல் விற்கப்பட்ட காலத்தில் ஓடிய குழாய்களின் உள்ளே படிந்திருக்கும் சாம்பல்நிறப் பொடியில் ஈயச் சேர்மங்கள் இருக்கும். உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா 2021இல்தான் அந்தப் பெட்ரோலை மகிழுந்துகளுக்கு விற்பதை நிறுத்தியது. பழைய கேஸ்கெட்டுகளிலும் சூடுதாங்கும் உறைகளிலும் கல்நார் கலந்திருக்கும். அதன் நுண்ணிழைகள் நுரையீரலைக் கெடுப்பவை. எனவே, இவற்றை உலர்ந்த நிலையில் சுரண்டக் கூடாது. நீரால் நனைத்து, தகுந்த முகக்கவசம் அணிந்த பிறகே தொட வேண்டும். கல்நார் இருப்பதாக ஐயம் வந்தால் பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைப்பதே முறை.

கழற்றும் வேலையில் மிகுந்த பொறுமை தேவைப்படுவது கிளைக்குழாயின் நட்டுகளிடம்தான். ஆண்டுக்கணக்கில் சூட்டிலும் துருவிலும் இறுகிப்போன அவற்றை ஸ்பேனரால் முரட்டுத்தனமாகத் திருகினால், ஆணி ஒடிந்து இயந்திரத்தின் தலைப்பகுதியிலேயே சிக்கிக்கொள்ளும். ஓர் ஆணியை மீட்க ஒரு முழுநாள் போகும். முதல்நாளே ஊடுருவும் எண்ணெயைத் தெளித்து ஊறவைக்க வேண்டும். மறுநாள், பெட்ரோல் கசிவு எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, நட்டைச் சூடாக்கி அதன் அடியில் மெழுகுவர்த்தியைத் தொடுவது பழைய பட்டறைக்காரர்களின் உத்தி. உருகிய மெழுகு மரைகளுக்குள் இழுக்கப்பட்டு வழுவழுப்பாகிவிடும். பின்னர், கழற்றும் திசையில் மட்டும் திருகாமல், சற்றே இறுக்கி, சற்றே தளர்த்தி, மீண்டும் இறுக்கி என அசைத்து அசைத்துத்தான் எடுக்க வேண்டும். திரும்பப் பொருத்தும்போது பித்தளை நட்டுகளைப் பயன்படுத்தினால், பித்தளை துருப்பிடித்து எஃகோடு ஒட்டாது; அடுத்த முறை கழற்றுபவர் நன்றி சொல்வார்.

கழற்றிய கிளைக்குழாயில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொங்கலுக்கு மண்பானை வாங்கும்போது விரலால் தட்டிப் பார்ப்போமே, அதே சோதனைதான். நல்ல வார்ப்பிரும்பு மணிபோல் ஒலிக்கும். விரிசல் கண்டது மந்தமாக ஒலிக்கும். ஐயம் தீர வேண்டுமானால் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சுண்ணக்கட்டித் தூளைப் பூசினால் போதும். விரிசலுக்குள் நுழைந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து, வெண்பூச்சில் ஒரு கோடாகத் தெரியும். வார்ப்பிரும்பை மற்ற இரும்பைப்போல் பற்றவைக்க முடியாது. அது நெகிழாதது. ஓரிடம் மட்டும் திடீரெனச் சூடானால் பக்கத்தில் புது விரிசல் பிறக்கும். எனவே, முழுவதையும் சீராகச் சூடாக்கி, நிக்கல் கலந்த கம்பியால் பற்றவைத்து, சாம்பலிலோ உலர்மணலிலோ புதைத்து மெதுவாக ஆறவிடுவார்கள். காற்றில் வைத்து விரைவாகக் குளிரச் செய்தால் முழு உழைப்பும் வீண்.

குழாயை வளைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. வெறுங்குழாயை வளைத்தால் வளைவின் உட்புறம் நசுங்கிச் சுருங்கும். புகையின் பாதை அங்கே குறுகிவிடும். உரிய வளைப்புப் பொறி இல்லாத பட்டறைகளில், குழாய்க்குள் உலர்ந்த மணலை இறுக நிரப்பி, இரு முனைகளையும் அடைத்து, சூடாக்கி வளைப்பர். மணல் உள்ளிருந்து தாங்குவதால் குழாயின் வட்டம் கெடாது. மணலில் சிறிது ஈரம் இருந்தாலும் அது நீராவியாகி வெடித்துவிடும் என்பதால், மணலை முன்னதாகவே வறுத்து உலர்த்த வேண்டும். துத்தநாகம் பூசிய நீர்க்குழாயை மலிவாகக் கிடைக்கிறதென்று எடுத்துப் பற்றவைப்பதும் தவறு. அதிலிருந்து எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும்.

எந்த உலோகத்தில் செய்வது என்பதில் ஆர்வலர்களிடையே ஓயாத வாதம் உண்டு. அக்காலத்தில் பயன்பட்டது சாதாரண மென்னெஃகு. துருப்பிடிக்காத எஃகில் செய்தால் நீண்டகாலம் உழைக்கும். ஆனால் ஒலியில் சற்றே தகரத்தன்மை சேரும் என்பர் சிலர். என் கருத்தில், கண்காட்சிக்கு வைக்கும் வண்டிக்கு மென்னெஃகும், குடும்பத்தோடு ஓட்டப்படும் வண்டிக்குத் துருப்பிடிக்காத எஃகும் பொருந்தும். குழாயின் விட்டமும் நீளமும் ஒலியடக்கியின் உள்ளமைப்பும் அசலாக இருந்தால், உலோகத்தின் பெயர் மாறியதற்காக வருந்த வேண்டியதில்லை. பூசும் சாயம் சூட்டைத் தாங்கக்கூடியதாக இருந்தால் போதும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டிய சிறிய பொருள் ஒன்று உண்டு. விலையில் மிக மலிவு. ஆனால் அது இல்லாவிட்டால் முழு வேலையும் கெடும். அதுதான் இரப்பர்த் தாங்கி. இயந்திரம் ஓடும்போது அசைந்துகொண்டே இருக்கும். அதோடு இணைந்த குழாயும் அசையும். அக்குழாயைக் கம்பியால் வண்டியின் உடலோடு இறுக்கிக் கட்டினால், அதிர்வு முழுவதும் உடலுக்குள் பாய்ந்து வண்டியே முரசுபோல் அதிரும். சில மாதங்களில் முன்குழாய், கிளைக்குழாயோடு சேரும் இடத்தில் விரிசல் விடும். இரப்பர் நெகிழ்ந்துகொடுத்து அந்த அதிர்வை விழுங்கிவிடுகிறது. மோரிஸ் மைனர் உருவான காலத்தில் பிரிட்டனின் மகிழுந்துகளில் பயன்பட்ட இயற்கை இரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலிருந்து சென்றது. மலாயாவில் இரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்டவர்களுள் ஒருவரான டான் சே யான், 1896இல் நட்டது மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில்தான். விடியுமுன் பால்மரம் வெட்டிய நம் முன்னோரின் உழைப்பு கப்பலேறிச் சென்று, சக்கரமாகவும் தாங்கியாகவும் மாறி, துரையின் வண்டியோடு மீண்டும் தோட்டத்திற்கே வந்திருக்கிறது. அவர்களுள் பெரும்பாலோர் அந்த வண்டியில் ஏறியதில்லை.

இரப்பரும் மூப்படையும். சூடும் காற்றிலுள்ள ஓசோனும் அதைக் கெட்டியாக்கி வெடிக்கச் செய்யும். எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். விரலால் வளைத்துப் பார்த்து, மேற்பரப்பில் நுண்கீறல்கள் தெரிந்தால் மாற்றிவிட வேண்டும்.

எல்லாவற்றையும் முதலில் தளர்வாகவே மாட்ட வேண்டும். முன்பகுதியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக முழுவதையும் மாட்டிய பிறகு, குழாய் எங்கும் உரசாமல் தொங்குகிறதா என்று பார்த்துப் படிப்படியாக இறுக்க வேண்டும். மைனரின் பெட்ரோல் தொட்டி பின்புறச் சாமான் அறைக்குக் கீழே இருப்பதால், வால்குழாய் தொட்டிக்கோ பெட்ரோல் குழாய்க்கோ நெருக்கமாகப் போகாதவாறு வைக்க வேண்டும். வண்டியிலேயே பற்றவைக்கும் வேலை ஏதும் இருந்தால், தொட்டியைக் கழற்றித் தள்ளி வைத்த பிறகே தீப்பொறி எழலாம்.

இறுதியில் சோதனை. வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, குழாய் குளிர்ந்திருக்கும்போதே இயந்திரத்தை இயக்கி, இணைப்புகளில் சோப்பு நீரைத் தூரிகையால் தடவ வேண்டும். கசிவு இருக்கும் இடத்தில் குமிழிகள் எழும். கனத்த கையுறை அணிந்து, ஈரத்துணியால் வால்குழாயின் வாயைச் சில நொடிகள் மட்டும் அழுத்திப் பிடித்தால், உள்ளே அழுத்தம் கூடி, மிகச்சிறிய கசிவும் ‘ஸ்ஸ்’ என்று காட்டிக்கொடுக்கும். சரியாகப் பொருந்திய புகைபோக்கியில் அப்போது இயந்திரம் திணறி நிற்கப் பார்க்கும். பிறகு வண்டியை ஓட்டி, சற்று வேகமெடுத்து, காலை எடுத்தால் அந்தப் பழைய ‘பர்ர்ர்’ கேட்க வேண்டும்.

புதிய கேஸ்கெட்டும் கவ்விகளும் சூட்டில் சற்றே படிந்து தளரும். ஆகையால், முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும், குழாய் ஆறிய பின் எல்லா நட்டுகளையும் ஒருமுறை மீண்டும் இறுக்கிவிட வேண்டும். அதன் பிறகு வண்டியைக் கொட்டகையில் போர்த்தி வைத்துவிடாமல், வாரம் ஒருமுறையாவது மலாக்கா நகரிலிருந்து அலோர் காஜா வரை போய்வரும் தொலைவுக்கு ஓட்டினால், ஒலியடக்கிக்குள் தேங்கிய நீர் ஆவியாகிவிடும்.